ஒரு பென்னிக்கு எட்டுப் பக்கம்: பிரிட்டன் உள்நாட்டுப் போரும் அச்சேறிய செய்தியும்

[திரையில்: பழைய லண்டன் வரைபடம். புனித பால் தேவாலயத்தைச் சுற்றியுள்ள புத்தகக் கடைத் தெருக்கள்]

1641 நவம்பர் மாதக் கடைசி. லண்டனில் எட்டே பக்கம் கொண்ட ஒரு வெளியீடு விற்பனைக்கு வருகிறது. அந்த வாரம் நாடாளுமன்றத்தில் நடந்தவற்றை நாள்வாரியாகச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தின் சொந்த அரசியலை வாரச் செய்தியாக அச்சிட்டு அதற்கு முன் யாரும் விற்றதில்லை. ஐரோப்பியப் போர்களைப் பற்றிய செய்தித்தாள்கள் உண்டு. அவற்றையும் 1632 முதல் 1638 வரை அரசு தடை செய்திருந்தது. நாடாளுமன்றத்துக்குள் பேசியதை வெளியே சொல்வதோ உரிமை மீறல்.

விதியை மீறியவர்கள் என்ன ஆனார்கள்? 1637-இல் வில்லியம் பிரின், ஜான் பாஸ்ட்விக், ஹென்றி பர்ட்டன் என்ற மூவர், திருச்சபை ஆயர்களைத் தாக்கி எழுதியதற்காகப் பொது இடத்தில் காது அறுக்கப்பட்டார்கள். பிரினுக்கு அது இரண்டாவது முறை. முதல் தண்டனையில் எஞ்சியிருந்த காதுப் பகுதியும் போய், கன்னங்களில் சூட்டுக்கோல் முத்திரையும் விழுந்தது. தீர்ப்பளித்தது ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம். அதே ஆண்டு, லண்டனில் அச்சக உரிமையாளர்கள் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அது ஆணையிட்டது.

[திரையில்: மரத்தாலான கை அச்சு இயந்திரம், மை உருண்டைகள், காயப்போட்ட தாள்கள்]

1641 ஜூலையில் நாடாளுமன்றம் அந்த ஸ்டார் சேம்பரை ஒழித்தது. மன்னர் முதலாம் சார்லஸின் கையிலிருந்த ஓர் ஆயுதத்தைப் பிடுங்குவதுதான் நோக்கம். அச்சுக்கு விடுதலை கொடுக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. ஆனால் அச்சகங்களை மிரட்டிவந்த கை இல்லாமல் போயிற்று. செய்தி வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்டால், பலர் புதிய இயந்திரத்தைத் தேடுவார்கள். புதிய இயந்திரம் எதுவும் வரவில்லை. அதே மர அச்சு, அதே ஈய எழுத்து. போனது பயம் மட்டுமே.

ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி அப்போது கிடைத்த அச்சுத்தாள்களை எல்லாம் சேர்த்துவந்தார். அவருடைய சேகரிப்பில் 1640-ஆம் ஆண்டுக்கு உரியவை இருபத்துச் சொச்சம். 1642-க்கு உரியவை ஏறக்குறைய 2,000.

தயாரிப்பு முறை மிக எளிது. ஒரு முழுத் தாளின் இருபுறமும் அச்சிட்டு, இரண்டு முறை மடித்து வெட்டினால் எட்டுப் பக்கம். விலை பெரும்பாலும் ஒரு பென்னி. அன்றைய கூலித் தொழிலாளியின் நாள் வருமானம் சுமார் 8 முதல் 12 பென்னி. ஆகவே பலரால் வாங்க முடிந்தது. முடியாதவர்களுக்கு மதுக்கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். தெருவில் கூவி விற்றவர்களில் பெண்களும் நிறைய இருந்தார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த வெள்ளத்துக்கு முதல் தீனி அயர்லாந்து. 1641 அக்டோபரில் அங்கே கத்தோலிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புராட்டஸ்டன்ட் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதும் விரட்டப்பட்டதும் உண்மை. ஆனால் லண்டன் துண்டுப்பிரசுரங்கள் அத்தோடு நிற்கவில்லை. அவற்றில் ஏறிக்கொண்டே போன சாவு எண்ணிக்கை, அயர்லாந்தில் அன்று வாழ்ந்த புராட்டஸ்டன்ட்களின் மொத்தத் தொகையையே தாண்டியது. சித்திரவதைக் காட்சிகளுக்குப் பழைய ஐரோப்பியப் போர்க் கதைகளிலிருந்து ஆட்களையும் ஊர்களையும் மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

இது வெறும் பரபரப்பாக முடியவில்லை. அயர்லாந்துக்கு ஒரு படை அனுப்ப வேண்டும். அந்தப் படை மன்னரின் கையிலா, நாடாளுமன்றத்தின் கையிலா என்ற கேள்வியில்தான் சமரசம் உடைந்தது. 1642 ஆகஸ்டில் இரு தரப்புக்கும் இடையே போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கதைகள் சாகவில்லை. 1649-இல் அயர்லாந்தின் ட்ரொஹடா நகரில் நடத்திய படுகொலையை நாடாளுமன்றத் தளபதி குரோம்வெல் நியாயப்படுத்தியபோது, 1641-இல் சிந்திய இரத்தத்துக்கான இறைத் தீர்ப்பு என்றே எழுதினார்.

[திரையில்: ஆக்ஸ்ஃபர்டு நகரம், அங்கிருந்து லண்டனுக்கு ஓர் அம்புக்குறி]

மன்னர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. லண்டனை விட்டு யார்க் நகருக்குப் போன சார்லஸ் அங்கேயே ஓர் அச்சகத்தை வரவழைத்தார். 1643 ஜனவரியில் அரசவை இருந்த ஆக்ஸ்ஃபர்டிலிருந்து 'மெர்க்குரியஸ் ஆலிக்கஸ்' என்ற வார இதழ் வந்தது. ஜான் பெர்க்கன்ஹெட் அதை நகைச்சுவையும் நஞ்சும் கலந்து நடத்தினார். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் தூய்மைவாதப் புராட்டஸ்டன்ட்களைச் சீண்டவே ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டார்கள். எதிரியின் தலைநகரான லண்டனுக்குள் அது கள்ளத்தனமாகப் போய், பல மடங்கு விலைக்கு விற்றது.

பதிலடி கொடுக்க 1643 ஆகஸ்டில் லண்டனில் 'மெர்க்குரியஸ் பிரிட்டானிக்கஸ்' தொடங்கியது. அதன் பேனா மார்ச்சமான்ட் நீடம் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர். பின்னால் 1647-இல் மன்னருக்காகவும், மன்னராட்சி வீழ்ந்தபின் 1650-இல் குடியரசுக்காகவும் எழுதியவர் இவரே. கொள்கையில் இவரை நம்ப முடியாது. ஆனால் அரசியலைச் சாதாரண வாசகனின் மொழிக்குக் கொண்டுவந்ததில் அந்த நாட்டில் இவருக்கு ஈடாக எனக்கு வேறு யாரும் தெரியவில்லை.

[திரையில்: நேஸ்பி போர்க்களம், 14 ஜூன் 1645]

அச்சு ஒரு மன்னரை எப்படிக் காயப்படுத்தும் என்பதற்கு நேஸ்பியைப் பாருங்கள். தோற்று ஓடிய சார்லஸின் கடிதப் பேழை எதிரியிடம் சிக்கியது. உள்ளே அரசி ஹென்ரியேட்டா மரியாவுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து. கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்களை நீக்கத் தயார் என்கிறார். அயர்லாந்திலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் படை தேடுகிறார். தனக்காக ஆக்ஸ்ஃபர்டில் கூடிய நாடாளுமன்றத்தையே கலப்பினக் கூட்டம் என்று இகழ்கிறார். வெளியே அவர் சொல்லிவந்ததோ, புராட்டஸ்டன்ட் சமயத்தின் காவலன் என்று.

நாடாளுமன்றம் அவசரப்படவில்லை. முதலில் ஜூலை 3 அன்று லண்டன் நகர மன்றமான கில்ட்ஹாலில் மக்கள் முன் கடிதங்களை வாசிக்கச் செய்தது. ஐயம் உள்ளவர்கள் வந்து கையெழுத்தைச் சரிபார்க்கலாம் என்று மூலங்களைத் திறந்து வைத்தது. பிறகு நூலாக வெளியிட்டது. கணவன் மனைவியின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது நாகரிகமா என்றே மன்னர் தரப்பு அதிகமும் கேட்டது. அது நியாயமான கேள்விதான். ஆனால் நாட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பேசிய மன்னரை அது காப்பாற்றவில்லை. அயர்லாந்துக் கதைகளையும் இந்தக் கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அச்சு ஒன்றேதான். ஒன்றில் சான்று கேட்க வழியில்லை, மற்றொன்றில் சான்று மேசைமேல் இருந்தது.

[திரையில்: தோல் அட்டை போட்ட பழைய தொகுதிகள்]

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? பெருமளவு அந்த வியாபாரி தாமசனால். 1640 முதல் 1661 வரை 22,000-க்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சேர்த்தார். கைக்கு வந்த தேதியைப் பலவற்றின் முகப்பில் தன் கையாலேயே எழுதினார். படைகள் நெருங்கும்போதெல்லாம் ஊர்விட்டு ஊர் அனுப்பிப் பாதுகாத்தார். இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்று கவிஞர் ஜான் மில்டன் எழுதிய 'அரியோபஜிட்டிக்கா'. 1643 ஜூனில் நாடாளுமன்றமே தணிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது; மன்னரை எதிர்த்தவர்களுக்கும் கட்டுப்பாடற்ற அச்சு பிடிக்கவில்லை. உரிமம் வாங்கித்தான் அச்சிட வேண்டும் என்ற அந்த ஆணையை எதிர்த்து, உரிமம் வாங்காமலே மில்டன் இந்நூலை வெளியிட்டார். தாமசனின் பிரதியில் இரண்டு குறிப்புகள் உள்ளன: ஆசிரியர் அன்பளிப்பு, நவம்பர் 24. ஆண்டு 1644.