தின்ற பவளத்தின் நிறம்

மதுரையில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெரியவர்களுக்கும், முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கடலைப் பற்றிப் பேச வந்த நான் கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குகிறேன். தாளிப்புக்கு ஒரு இணுக்கு ஒடிக்கலாம் என்று கொல்லைக்குப் போயிருப்பீர்கள். இலைமேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். தட்டிவிடலாம் என்று விரலை வைத்தால் நெளியும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சில முறை தோலுரித்துப் பெரிதானதும் அதே புழு இலைப் பச்சைக்கு மாறிவிடும். குருவி எச்சத்தைக் கொத்தாது, இலையையும் கொத்தாது. புழு பிழைத்துக்கொள்கிறது.

இதே வேலையைக் கடலுக்கடியில் ஒரு நத்தை செய்கிறது. அது பவளத்தின் மேல் உட்கார்ந்து பவளத்தையே தின்கிறது. பவளம் என்றால் நகைக் கல்லை நினைக்காதீர்கள்; சுண்ணாம்பு எலும்பின் மேல் சதையோடு உயிர் வாழும் கடல் உயிர் அது. பார்க்கிறவர் கண்ணுக்கு நத்தை தெரியாது, பவளம்தான் தெரியும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு புதிய இனத்துக்கு 2020-ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. ஃபெஸ்டில்லா சபோடியோசஸ் என்பது அந்தப் பெயர்.

முதலில் தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். அகராதியைப் பார்த்துக் கடல் அட்டை என்று எழுதிவிடாதீர்கள். நம் ராமநாதபுரம் கரையில் கடல் அட்டை என்றால் அது வேறு. தடித்த தோலோடு வெள்ளரிக்காய் மாதிரி மணலில் கிடப்பது, நட்சத்திர மீனுக்கு உறவு. அதைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. நான் சொல்லும் உயிர் சங்குக்கும் சிப்பிக்கும் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும்போது குட்டியூண்டு ஓடு அதற்கும் உண்டு. நீரில் மிதந்து திரிந்து, தங்கும் இடம் கிடைத்ததும் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். அதனால் ஓடில்லாக் கடல் நத்தை என்றே சொல்கிறேன். நீளமான பெயர்தான், ஆனால் தப்பான பெயர் இல்லை.

சரி, ஓட்டைக் கழற்றிவிட்டால் உயிருக்கு யார் காவல்? இந்த வகை நத்தைகளில் 3000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல, கொட்டும் கடல் உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தம் முதுகு விரல்களின் நுனியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். முதுகு விரல் என்று நான் சொல்வது முதுகு நெடுக வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சதை நீட்சிகளை. கடிக்க வரும் மீன் அந்த நுனியைத் தொட்டால் கொட்டு வாங்கும். பகட்டான நிறங்களோடு அவை திரிவது அந்தத் துணிச்சலில்தான்.

ஃபெஸ்டில்லா கூட்டத்துக்கு அந்த ஆயுதம் இல்லை. கொட்டும் செல்லைச் சேர்க்கும் பையே அவற்றின் நுனியில் கிடையாது. அப்புறம் எப்படிப் பிழைக்கும்? தின்ற சோற்றைக் கொண்டே உடம்பை மறைத்துக்கொள்கிறது. பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது, பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவது. நத்தை பவளச் சதையை உண்ணும்போது பாசியும் உள்ளே போகிறது. உணவுக்குழலின் கிளைகள் முதுகு விரல்கள் வரை ஓடுவதால் நிறம் அங்கே போய்த் தங்குகிறது. இதே கூட்டத்தில் மெலனோபிராக்கியா என்று ஒரு இனம் உண்டு. ஆரஞ்சு நிறப் பவளத்தைத் தின்றால் அது ஆரஞ்சாக இருக்கும், கறுத்த பவளத்தைத் தின்றால் கறுப்பாக இருக்கும். வெற்றிலை போட்டவர் வாய் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம். இங்கே உடம்பு முழுக்கச் சிவந்துவிடுகிறது.

இதில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்த நத்தைக்கு நம்மைப் போல உருவம் பார்க்கும் கண் இல்லை. தோலுக்கடியில் இரண்டு சிறு புள்ளிகள், வெளிச்சம் எது இருட்டு எது என்று சொல்லும், அவ்வளவுதான். தொட்டும், நீரில் கரைந்திருப்பதைச் சுவைத்தும்தான் உலகத்தை அறிகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது. நந்து என்றால் நத்தை, சங்கு இனம். ஊறு, அதாவது தொடுவுணர்வு, அதோடு சுவை என இரண்டு அறிவு. இந்தச் சின்ன உயிரைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்று வியக்கிறேன். தன் வேஷத்தைத் தானே ஒருநாளும் பார்க்காத உயிர் இது. அந்த வேஷம் முழுக்க மீனின் கண்ணுக்காகத் தைத்தது. யாரும் உட்கார்ந்து தைக்கவும் இல்லை. பவளத்தோடு ஒத்துப்போகாத நத்தைகளை மீன்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கித் தின்றுவிட்டன. மிஞ்சியவை பவளம் மாதிரி இருந்தவை.

இப்போது வருணனைக்கு வருகிறேன். ஒரு புதிய இனத்தை வருணிப்பது என்றால் என்ன? ஒரு மாதிரி உயிரைத் தேர்ந்து, அதைக் காட்சியகத்தில் நிலையாக வைத்து, இதுதான் இந்தப் பெயருக்கு உரியது என்று எழுத வேண்டும். நீளம், நிறம், முதுகு விரல்களின் வரிசை, தலையில் மோப்பம் பிடிக்கும் கொம்புகளின் வடிவம் எல்லாம் அதில் வரும். நாக்கில் இருக்கும் பல்வரிசையை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிக்க வேண்டும். டி.என்.ஏ.வைப் பக்கத்து இனங்களோடு ஒப்பிட வேண்டும்.

ஆனால் சாராயத்தில் போட்டால் இந்த நத்தை சுருங்கிவிடும், நிறமும் போய்விடும். குப்பியில் மிஞ்சுவது வெளுத்த ஒரு துணுக்கு. அதைப் பார்த்து இது பவளம் போல இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே உயிரோடு இருக்கும்போதே, அது தின்னும் பவளத்தின் மேலேயே வைத்துப் படம் எடுத்தாக வேண்டும். எந்தப் பவளம் என்றும் எழுத வேண்டும். நான் இன்று உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான்: மறைந்து வாழும் உயிரைத் தனியாகப் பிரித்து எடுத்து வருணிக்க முடியாது. அதன் சோற்றையும் சேர்த்து எழுதினால்தான் வருணனை முழுமை பெறும்.

சபோடியோசஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. இது தின்பது மாண்டிபோரா என்ற பவளத்தை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு இந்த நத்தையை ரொம்ப நாளாகத் தெரியும். பவளம் திட்டுத் திட்டாகச் செத்துப் போகும், கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இது இருக்கும். மாண்டிபோரா தின்னி என்றுதான் சொல்லி வந்தார்கள். முறையான பெயர் மட்டும் இல்லை. ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொட்டிப் பவளத்திலிருந்து எடுத்து ஆராய்ந்து 2020-இல் அதை வருணித்தார்கள். அந்த லத்தீன் பெயருக்குச் சற்றே தொல்லை தருவது என்று பொருள். தொட்டிக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான பெயர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கடலில் அது யாருக்கும் தொல்லையாக வாழவில்லை. அதன் கூட்டத்தைத் தின்ன அங்கே மீன்கள் உண்டு. தொட்டிக்குள் அந்த மீன்கள் இல்லாமல் போனது நத்தையின் குற்றம் இல்லையே.

மறைவதற்கு நிறம் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. வங்காளத்தின் தீகா கரையிலும் ஒடிசா கரையிலும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தார் கண்டெடுத்து, 2024-இல் அறிவித்த ஒரு நத்தைக்கு மெலனோக்லாமிஸ் திரௌபதி என்று குடியரசுத் தலைவரின் பெயரை வைத்தார்கள். 7 மில்லிமீட்டர் வரைதான் வளரும். கருத்த உடம்பு, பின்பக்கம் மாணிக்கச் சிவப்பில் ஒரு புள்ளி. ஈர மணலுக்கு அடியில் ஊர்ந்து போகும். மணல் உடம்பில் புகாமலிருக்க, கண்ணாடி போன்ற வழுவழுப்பான கோழையைச் சுரந்துகொண்டே போகும். ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போகும் கடற்கரை அது.

பிள்ளைகளே, ராமநாதபுரம் கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊர் இங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காலை பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்கு முன் கடல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் வளர்ந்து வந்திருக்கின்றன. 1986-இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. சபோடியோசஸ் தின்னும் மாண்டிபோரா அங்கேயும் வளர்கிறது. தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். ஆனால் கண்ணுக்கும் கேமராவுக்கும் இடம் இருக்கிறது. கரையோரம் ஒரு கல்லைப் புரட்டினால் பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே திரும்ப வையுங்கள். அடியில் குடியிருக்கும் உயிர்களுக்கு வெயில் ஆகாது. இன்னொரு செய்தியும் உண்டு. விலங்குகளுக்கு வைக்கும் அறிவியல் பெயர் லத்தீன் எழுத்தில் இருந்தால் போதும், சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். தமிழ்ச் சொல்லும் வரலாம்.

நத்தையை எப்படித் தேடுவது என்று வரும்போதே ஒரு மாணவி கேட்டார். நத்தையைத் தேடாதே அம்மா, கிடைக்காது. முதலில் பவளத்தில் வெள்ளைத் திட்டைத் தேடு. சதையைத் தின்றுவிட்டால் சுண்ணாம்பு எலும்பு வெளுத்துத் தெரியும். அந்தத் திட்டின் ஓரத்தில், நிழல் விழும் பக்கத்தில், வெள்ளையாகச் சிறு முட்டைக் கூட்டம் ஒட்டியிருக்கிறதா என்று பார். முட்டைக்குப் பவளம் தின்ன வாயும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் அது கண்ணில் பட்டுவிடும். முட்டை கிடைத்தால் அங்கேயே நில். கையை ஆட்டாமல், நீரைக் கலக்காமல், ஐந்து நிமிஷம் அந்தப் பவளத்தையே பார்த்துக்கொண்டிரு. அதில் ஏதோ ஒரு துண்டு மெல்ல நகரும்.