பழி சீன மொழிக்கு, பிழை ஆங்கிலத்துக்கு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

"சீனர்கள் ஆங்கில வினைச்சொற்களில் தடுமாறக் காரணம் தாய்மொழியா, ஆங்கிலமா?" ஆங்கிலமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழி சீன மொழியைக் கூண்டில் ஏற்றி விளாசிவிட்டார். அதில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, அதனால்தான் 'யெஸ்டர்டே ஐ கோ' என்கிறார்கள் என்றார். சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் நன்றாகப் படித்து, பல்கலைக்கழகத்துக்கே போய்விட்ட சீன மாணவர்கள்கூட எழுதும் இன்னொரு வாக்கியம் இருக்கிறதே, அதைத் தோழி தொடவே இல்லை.

'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்.' விபத்து நடந்தது என்று சொல்ல 'ஹேப்பண்ட்' போதும். நடுவில் அந்த 'வாஸ்' எங்கிருந்து வந்தது? தாய்மொழியிலிருந்து என்றால் சீனத்தில் அதற்கு ஒரு தடயம் இருக்க வேண்டும். 'வாஸ்' சேர்ந்தால் அது 'எழுதப்பட்டது' என்பதுபோலச் செயப்பாட்டு வடிவம். சீனத்தில் செயப்பாட்டுக்கு 'பெய்' என்று ஒரு சொல் உண்டு. விபத்து நடந்ததைச் சொல்லும்போது எந்தச் சீனரும் அதைப் போடமாட்டார். 'ஷிகு ஃபாஷெங் லெ', அவ்வளவுதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் சரியான ஆங்கிலம் வந்துவிடும்! இன்னும் கேளுங்கள். கடிதம் எழுதியாகிவிட்டது என்று சொல்லக்கூடச் சீனர்கள் 'பெய்' இல்லாமல் 'கடிதம் எழுதி முடிந்தது' என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். செயப்பாட்டில் இவ்வளவு சிக்கனமான மொழியைப் பேசுகிறவர் ஆங்கிலத்தில் மட்டும் அதை வாரி இறைக்கிறார் என்றால், பழியை அந்த மொழிமேல் போடுவது என்ன நியாயம்?

குற்றவாளியைக் காட்டுகிறேன். செயப்படுபொருள் இல்லாத வினைகள் எல்லாம் ஒரே சாதி இல்லை என்று 1978-இல் மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் எடுத்துக்காட்டினார். சிரிப்பது, ஓடுவது ஒரு வகை. அங்கே எழுவாய் தானே செய்கிறது. விழுவது, மறைவது, நடந்துவிடுவது வேறு வகை. அங்கே எழுவாய்க்கு ஏதோ நேர்கிறது. பிரெஞ்சும் இத்தாலியும் 'வந்தது' போன்ற பல வினைகளுக்கு வேறு துணைவினை கொடுத்து இரண்டாம் வகையை அடையாளம் காட்டுகின்றன. ஆங்கிலமும் ஒரு காலத்தில் 'ஹீ ஹாஸ் கம்' என்பதற்குப் பதில் 'ஹீ இஸ் கம்' என்று சொன்ன மொழிதான். பிறகு அந்த அடையாளத்தைத் துடைத்துவிட்டு, எதுவும் தெரியாததுபோல் நிற்கிறது. 'பிரேக்' என்றால் உடைவதும் அதுவே, உடைப்பதும் அதுவே. நாம் 'உடைந்தது', 'உடைத்தான்' என்று பிரித்துவிடுகிறோம். சீனர்களும் கோப்பை தானாக நொறுங்கினால் 'சுய் லெ', ஒருவர் அடித்து நொறுக்கினால் 'தா சுய் லெ' என்பார்கள். (கதவு திறப்பது போன்ற சிலவற்றில் அவர்களுக்கும் இரண்டுக்கும் ஒரே சொல். நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும்.) 'பிரேக்' இரண்டு பக்கமும் போகும், 'ஹேப்பன்' ஒரு பக்கம்தான் போகும் என்று ஆங்கிலச் சொல்லின் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

அப்போது மாணவர் என்ன செய்வார்? யோசிப்பார். ஜு என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சீன மாணவர்களைப் பற்றியதுதான். கப்பல் மூழ்கியது என்று சொல்ல வேண்டும். போர் விமானம் தாக்கி மூழ்கியதா, துருப்பிடித்துத் தானாக மூழ்கியதா? வெளியிலிருந்து ஒரு காரணம் தெரிந்தபோது அவர்கள் செயப்பாட்டு வடிவத்தை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அது தாய்மொழியின் பழக்கதோஷம் இல்லை. ஆங்கிலம் மறைத்துவைத்ததைத் தோண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி!

சீனர்கள் மட்டுமா? ஜப்பானியர், ஸ்பானியர், அரபியர் என வெவ்வேறு தாய்மொழிக்காரர்களும் இதே 'வாஸ்'-ஐச் செருகியிருக்கிறார்கள். இத்தனை வீட்டிலும் ஒரே பொருள் காணாமல் போனால் வீட்டுக்காரர்களையா சந்தேகப்படுவோம்?

தோழி வைத்த இன்னொரு வாதம், 'புட் ஆஃப்', 'கிவ் இன்' மாதிரியான இரட்டை வினைகள். சீனத்தில் இப்படி அமைப்பு இல்லை, அதனால் சீன மாணவர்கள் இவற்றைத் தவிர்த்து 'போஸ்ட்போன்' போன்ற ஒற்றைச் சொல்லுக்கு ஓடுகிறார்கள் என்றார். தவிர்ப்பது உண்மைதான். ஆனால் 2004-இல் வந்த லியாவ், ஃபுகுயா ஆய்வைப் பாருங்கள்: இடைநிலை மாணவர்கள் தவிர்த்தார்கள், தேர்ந்தவர்கள் அவ்வளவாகத் தவிர்க்கவில்லை. மொழிக் குறைதான் காரணம் என்றால், அவர்கள் தேர்ந்த பிறகு சீனம் மாறிவிட்டதா என்ன? சரி, டச்சுக்காரரிடம் போவோம். அவர் மொழியில் இதே அமைப்பு தாராளமாக இருக்கிறது. அவர்களும், சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொருள் பிடிபடாத இரட்டை வினைகளில் தங்கள் மொழியைப் போலவே தோன்றியவற்றைத் தவிர்த்தார்கள் என்று 1989-இலேயே ஹுல்ஸ்டைனும் மார்செனாவும் காட்டிவிட்டார்கள். 'புட்' என்றால் வைப்பது, 'ஆஃப்' என்றால் விலகி. இரண்டையும் சேர்த்தால் தள்ளிப்போடுவது என்று யாருக்குத் தோன்றும்? அமைப்பு இருக்கிற டச்சுக்காரரே தவிர்க்கும்போது, சீனரைக் குறை சொல்ல வந்துவிட்டார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் வேறெதையும் விளக்க வேண்டாம். சீனத்தில் 'பெய்' இல்லாத இடத்தில், அந்த மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் 'வாஸ்' எப்படி முளைத்தது? இதைச் சீன மொழியை வைத்தே விளக்கிவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்களுக்கே எழுதிவிடுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை.