நிரலோடு உரிமமும் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தாம் எழுதிய மென்பொருளின் மூலநிரலை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்துவிட்டாலே அதைப் பொதுவுக்குக் கொடுத்ததாகிவிடும் என்று நம் இளைஞர்கள் பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது; எங்கும் பதிவு செய்யாமலேயே அதன் உரிமை எழுதியவரைச் சேர்கிறது; அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆகவே, பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தரும் வாசகமான உரிமம் இணைக்காத நிரலைப் பிறர் படித்துப் பார்க்கலாமே தவிர, திருத்தி வெளியிடவோ தம் மென்பொருளில் சேர்த்து வழங்கவோ பொதுவாக அவர்களுக்கு அனுமதி இல்லை. நல்லெண்ணத்தோடு எழுதிய எத்தனையோ நிரல்கள் இப்படி எவருக்கும் உதவாமல் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உரிமங்கள் பல இருந்தாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் நிரலை எடுத்து வளர்ப்பவர், தம் மாற்றங்களையும் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்றால் எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் போதும். பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருப்பதே அவற்றின் முக்கிய நிபந்தனை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 இவற்றோடு காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய தெளிவான அனுமதியையும் தருகிறது. திறந்துவைக்க வேண்டும் என்றால், நிரலைப் பிறருக்கு வழங்குபவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்று நிபந்தனை இடும் ஜிபிஎல்.

ஜிபிஎல்லின் வலு நடைமுறையில் வெளிப்பட்டதற்கு ஒரு சான்று உண்டு. லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டர் 2002 இறுதியில் விற்பனைக்கு வந்தது. அதற்குள் லினக்ஸ் என்ற இயங்குதள மென்பொருள் இயங்குவதை அடுத்த ஆண்டே ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். லினக்ஸ் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதைச் சாதனத்தில் வைத்து விற்பவர் மூலநிரலையும் தந்தாக வேண்டும். லின்க்சிஸை இதற்கிடையே சிஸ்கோ நிறுவனம் வாங்கியிருந்தது. தொடர்ந்து எழுந்த கோரிக்கைகளுக்குப் பிறகு 2003இலேயே மூலநிரல் வெளியானது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள், இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இயங்குகிறது. முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரல் இத்தனை தூரம் பயணப்பட்டதற்கு அந்த உரிமத்தின் நிபந்தனையே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமத் தேர்வைத் தள்ளிப்போடுவது தொல்லையில் முடியும். பிறர் எழுதித் தந்த பகுதிகளுக்கு அவரவரே உரிமையாளர்கள். காணொளிகளை ஓட்டும் விஎல்சி மென்பொருளின் மைய நிரல் தொகுதியை ஜிபிஎல்லிலிருந்து, அதன் தளர்த்தப்பட்ட வடிவமான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற 2011ஆம் ஆண்டு வாக்கில் அதன் குழுவினர் முனைந்தபோது, பல ஆண்டுகளாகப் பங்களித்தவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.

சொந்தமாக உரிம வாசகம் எழுத முயலாதீர்கள். அதைப் படிக்கும் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தயங்கி ஒதுக்கிவிடுவார்கள். எழுத்து, படம் போன்ற படைப்புகளுக்குப் பயன்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த அமைப்பே அறிவுறுத்துகிறது. அறியப்பட்ட ஓர் உரிமத்தின் முழு வாசகத்தை, நிரல் தொகுப்பின் முகப்பிலேயே தனிக் கோப்பாக, ஆண்டும் உரிமையாளர் பெயரும் குறித்து வையுங்கள். பணியில் இருப்பவர்கள் அந்தப் பெயரை எழுதுமுன் தம் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, நம் சட்டப்படி நிறுவனமே முதல் உரிமையாளர். அத்தகைய நிரலை வெளியிட நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.