வண்டி ஓட்ட ஆளில்லை

நேயர்களுக்கு வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் என் பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோ பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பர்ஸைத் திறந்தால் முதலில் தெரிவது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கிரீன் கார்டு. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியிருப்பு உரிமை கிடைத்தது. பாட்டி அவர்களில் ஒருவர். சரி, இங்கே தங்க அனுமதிக்கும் பேப்பர்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

பயம் மருமகனை நினைத்து. பாட்டியை ஆஸ்பத்திரிக்கும் தேவாலயத்துக்கும் காரில் கூட்டிப்போவது அவர்தான். அவருக்குப் பேப்பர் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் மட்டும் உண்டு. கலிபோர்னியா 2015 முதல் பேப்பர் இல்லாதவர்களுக்கும் தருகிறது. ஓட்டலாம், ஊரில் இருக்கத்தான் கூடாது!

ஆஸ்பத்திரி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்றிருந்த வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் அரசு ரத்து செய்தது. ஜூனில் எங்கள் ஊரிலேயே சோதனைகள் தொடங்கின. ஹோம் டிப்போ கடை வாசலில் கூலி வேலைக்குக் காத்து நின்றவர்களைப் பிடித்துப் போனார்கள். 'லா மிக்ரா' வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். குடியேற்ற அதிகாரிகளுக்கு இங்கே அதுதான் பெயர். மருமகன் காரை எடுப்பதையே விட்டுவிட்டார்.

பாட்டிக்குச் சர்க்கரை. கண் பரிசோதனை இரண்டு தடவை தள்ளிப்போனது. மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒன்றைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கையை மூடிக்கொண்டார்.

பேப்பரே இல்லாத முதியவர்கள் பாடு இன்னும் மோசம். பலருக்குச் சம்பளத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி வருஷக்கணக்கில் பிடித்தமாகியிருக்கும். ஆனால் பென்ஷன் வராது, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் இல்லை. அதனால் அந்த வயதிலும் தள்ளுவண்டியில் தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் விற்கிறார்கள். சோதனை நடப்பதும் அதே தெருக்களில்தான்.

போன வாரம் பாட்டியை நானே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். படிவத்தில் ஒரு கட்டம்: அவசரம் என்றால் யாரை அழைப்பது? ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் பயனாளிகள் விவரங்கள் 2025 ஜூனில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போன செய்தி பாட்டிக்கும் தெரியும். மருமகன் பெயரில் முதல் எழுத்தைப் போட்டவர், பேனாவை நிறுத்தி அதை அடித்தார். பிறகு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.