சாட்டிலைட் மேப் வயல்னு சொன்னா அது வயல்தானா?

வணக்கம் மக்களே. "இந்த விவசாய நில மேப் 90 சதவீதம் சரி"ன்னு யாராச்சும் சொன்னா, எதுல 90னு கேளுங்க.

(திரையில்: 100 புள்ளி, 10 மட்டும் பச்சை)

ஒரு ஏரியாவுல குலுக்கல் மாதிரி 100 இடத்த எடுத்து நேர்ல போய் பாக்குறோம்னு வைங்க, 10தான் வயல், மீதி பொட்டல், ரோடு, வீடு. மேப்பு கண்ண மூடிட்டு எல்லாத்தையும் "வயல் இல்ல"ன்னு சொன்னாக்கூட மார்க் 90 வந்துரும், ஆனா ஒரு வயலக்கூட அது புடிக்கல! அதனால ரெண்டு கேள்வி தனித்தனியா கேக்கணும்: நெஜமா இருக்குற வயல்ல எத்தனைய மேப்பு புடிச்சுச்சு, அது வயல்னு சொன்னதுல எத்தனை நெஜமாவே வயல்.

சரி, வயல்னா என்ன? அதுவே மேப்புக்கு மேப்பு மாறுதுங்க. பொள்ளாச்சி தென்னந்தோப்பு இருக்குல்ல, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட வேர்ல்ட்கவர் மேப்ல வருஷப் பயிர்தான் விவசாய நிலம், தோப்பு மரக்கணக்குல போயிரும்; அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ்ஏடி மேப்ல தோப்பும் விவசாய நிலம், தரிசா போட்ட வயலும் சேத்தி. இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு "விவசாயம் அழிஞ்சிருச்சு"ன்னு சொன்னா அது பெரிய தப்பு. மார்க்கையும் ஒப்பிட முடியாது, வேர்ல்ட்கவரோட 2021ம் வருஷ மேப்புக்கு 76.7 சதவீதம், ஆனா அது நிலத்த 11 வகையா பிரிக்குது, ஜிஎஃப்எஸ்ஏடி 91.7, அது விவசாய நிலமா இல்லையான்னு மட்டும் சொல்லுது.

(திரையில்: வரப்பு, வாய்க்கா, நடுவுல ஒரு கட்டம்)

லேண்ட்சாட்ங்கிற சாட்டிலைட் எடுக்குற படத்துல ஒரு பிக்சல், அதாவது படத்தோட ஒரு சின்ன கட்டம், 30க்கு 30 மீட்டர், நம்ம கணக்குல 22 சென்ட். 20 சென்ட் வயல் வச்சிருக்கவரோட வரப்பு, வாய்க்கா, பக்கத்து பனமரம் எல்லாம் ஒரே கட்டத்துல கலந்துரும். சென்டினல்-2ங்கிற இன்னொரு சாட்டிலைட்ல 10க்கு 10 மீட்டர், அதாவது ரெண்டரை சென்ட், பரவால்ல.

ஆனா டெல்டாவுல சம்பா பயிர் வளர்ற ஐப்பசி கார்த்திகைல வானம் பூரா மேகம், படம் புடிக்கிற சாட்டிலைட்டுக்கு பெரும்பாலும் வெள்ளையாத்தான் தெரியும். அங்கதான் சென்டினல்-1 சாட்டிலைட்டோட ரேடார் கைகொடுக்குது, மேகத்த ஊடுருவிரும், நடவுக்கு தண்ணி கட்டுன வயல் அதுல கருப்பா தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும், அந்த மாத்தத்த வச்சே நெல்லுன்னு கண்டுபிடிக்கலாம். சரிபார்க்க போறவங்களும் அந்த சீசன்லயே போகணும், சித்திரைல போனா அதே வயல்ல ஆடு மேஞ்சிட்டு இருக்கும்.