லாண்டவ் வீட்டுத் தேர்வு

நண்பர்களுக்கு வணக்கம். செறிபொருள் இயற்பியல், அதாவது திடப்பொருள், திரவம் இவற்றின் இயற்பியல் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சூத்திரம் எழுத இங்கே கரும்பலகை இல்லை. தப்பித்தீர்கள்! லெவ் லாண்டவ் என்ற சோவியத் இயற்பியல் வாத்தியாரைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்தக் காலத்தில் மாஸ்கோவில் அவரிடம் மாணவராகச் சேர சிபாரிசு செல்லாது. போன் செய்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவேண்டும். புத்தகம், பை எல்லாம் வெளியே. உள்ளே ஒரு சின்ன அறையில் மேசையும் வெள்ளைத்தாளும் இருக்கும். கணக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். பேசாமல் திரும்பிப் போனால் நல்ல சகுனம். 'ம்ம்' என்றால் கதை கந்தல்! முதல் தேர்வில் இயற்பியலே கிடையாது; தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு என்று வெறும் கணக்கு. மொத்தம் 9 தேர்வுகள். 1961 வரை தேறியவர்கள் 43 பேர்.

கொஞ்சம் கொடுமைதான். ஆனால் கணக்கு கைக்குப் பழகியவனுக்குத்தான் எதைக் கணக்கிடாமல் விடலாம் என்று தெரியும். அவருடைய ஆராய்ச்சியே அதற்குச் சாட்சி.

திரவ ஹீலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 271 டிகிரியில், நுண்ணிய இடுக்குகளில்கூட உராய்வின்றி ஓடுகிறது என்று 1938-ல் செய்தி வந்தது. மாஸ்கோவில் அதைக் கண்டவர் கபிட்சா என்ற இயற்பியலாளர். லாண்டவோ அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஸ்டாலின் ஆட்சியின் சிறையில். இதை விளக்க இந்த ஆள் வேண்டும் என்று கபிட்சா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்; தானே ஜாமீனும் நின்றார். 1939-ல் விடுதலை, 1941-ல் விளக்கம்.

லாண்டவ் அணுக்களைத் தனித்தனியே துரத்தவில்லை. திரவத்தின் வேகம் குறையவேண்டும் என்றால், அதற்குள்ளே ஓர் அதிர்வாவது எழவேண்டும். அதற்கு ஆற்றலாகக் கொடுக்கவேண்டிய ஒரு விலை உண்டு. கையில் ஐந்து ரூபாயோடு போய் ஐம்பது ரூபாய்ச் சாமான் வாங்க முடியுமா? மெதுவான ஓட்டத்தின் நிலைமையும் அதுதான். ஆற்றல் வெளியேற வழியில்லை, அதனால் உராய்வும் இல்லை. 1962-ல் நோபல் வந்தது.

அப்புறம், இன்னொரு பக்கமும் உண்டு. மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். சில மீக்கடத்திகளுக்குள் காந்தப்புலம் மெல்லிய சுழல்களாக நுழையும் என்று அவருடைய மாணவர் அப்ரிகோசவ் 1953-லேயே கணக்கிட்டுக் காட்டினார். இயற்பியலாளர் கின்ஸ்பர்கும் லாண்டவும் எழுதிய சமன்பாட்டிலிருந்தே வந்த விடை அது. வாத்தியார் ஒப்பவில்லை. கணக்கு மேசை இழுப்பறைக்குள் போனது, 1957-ல்தான் அச்சேறியது. அப்ரிகோசவுக்கு 2003-ல் நோபல். எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்திக் கம்பிகளில், நகரவிடாமல் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது அந்தச் சுழல்களைத்தான்.