நம்முடைய கடலடியில் பனியுகத்துக்குச் சாட்சி உண்டா?

சரி, களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சேர், வட அத்திலாந்திக் கடலடியில் பனிப்பாறைகள் போட்டுவிட்டுப் போன கற்களைப் பற்றிச் சொன்னீர்கள். பனிப்பாறை எட்டியும் பார்க்காத நம்முடைய பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது?" நல்ல கேள்வி, மனதை விட்டுப் போகவே இல்லை.

மகள், கல்லைத் தேடினால் கிடைக்காது. 1988இல் ஹைன்ரிக் என்ற ஆய்வாளர் விவரித்த அந்தக் கல் அடுக்குகள், மிதந்துவந்த பனிப்பாறைகள் உருகும்போது கொட்டியவை. கல்முனை மீனவர் ஒருவர் தன் வலையிலும் கல் ஏறுகிறது என்று எழுதியிருந்தார். அண்ணன், அது முருகைக்கல்லாகத்தான் இருக்கும்!

ஆனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: பனி வராத கடலுக்கும் பனியின் கணக்கு வந்துவிடும். கடல்நீரில் ஒட்சிசன் 16, ஒட்சிசன் 18 என இரண்டு சமதானிகள், அதாவது எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்கள், உண்டு. 16 உள்ள நீர் இலேசு, சுலபமாக ஆவியாகும். அது துருவப் பக்கம் பனியாக விழுந்து, உருகாமல் அங்கேயே தங்கிவிட்டால்? மிச்சக் கடலில் 18 இன் பங்கு கூடும். கடல் எல்லாம் ஒன்றோடொன்று கலப்பதால், எந்தக் கடலிலும் கூடும். போராமினிபெரா என்ற நுண்ணுயிர்கள் அந்த நீரிலிருந்துதான் மணற்பருமனில் சுண்ணாம்பு ஓடு கட்டுகின்றன. அதனால் 18 இன் பங்கு ஓட்டிலும் பதிந்துவிடும். செத்ததும் ஓடு அடையலில், அதாவது கடலடியில் படியும் சேற்றில், புதைகிறது. நீரின் வெப்பநிலையும் ஓட்டிலுள்ள இந்தப் பங்கை மாற்றும். அதனால் கடலடியிலேயே வாழும் வகைகளைத்தான் அதிகம் நம்புவார்கள். ஆழத்து நீரில் வெப்பம் அவ்வளவாக மாறாது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற விஞ்ஞானிகள் மூவரும், இப்படிப்பட்ட ஓடுகளை வைத்து, பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியுகங்களுக்குத் தாளம் போட்டன என்று காட்டினார்கள். ஏறத்தாழ 100,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகள். அதற்காகக் கடலடியில் துளைத்து எடுத்த இரண்டு அடையல் தூண்களும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? இந்து சமுத்திரத்தின் தென்கோடியிலிருந்து. மட்டக்களப்பிலிருந்து தெற்கே போய்க்கொண்டே இருந்தால், அந்தக் கடலுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்!

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று, மகள். அவ்வளவு நீரும் பனியாகப் போனதால் நம்முடைய கரை என்ன ஆனது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை தரையாகக் கிடந்தது. இங்கே மட்டக்களப்புப் பக்கம் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, ஒடுக்கம், சட்டென்று ஆழமாகிவிடும். அதனால் மன்னார்ப் பக்கம் போலக் கரை வெகுதூரம் விலகவில்லை. ஆனால் சில மீட்டர் ஆழமே உள்ள நம்முடைய மட்டக்களப்பு வாவி அப்போது வாவியாக இருந்திருக்க முடியாது. அதைத் தனியாகப் பேசவேண்டும், யாராவது கேட்டு எழுதுங்கள்.